ஜனவரியில் நாவல் வர வேண்டுமா? ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு உங்கள் நாவல் வர வேண்டும் என்றால், ஆகஸ்ட் கடைசிக்குள் எழுதி முடித்திருக்க வேண்டும். முதல் வரியிலேயே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நவம்பர் நடுவில் போன் போட்டு "இன்னும் ரெண்டு அத்தியாயம்தான் பாக்கி, காட்சிக்கு வந்துடும்ல?" என்று கேட்கும் நண்பர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். வந்துவிடும். ஆனால் பக்கத்துக்கு ஒரு பிழை இருக்கும், அட்டை நாம் பார்த்த நிறத்தில் இருக்காது, காட்சி முடிவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கட்டு பிரியும். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியதற்கு அது நியாயமில்லை.

ஏன் ஜனவரி என்று புதிதாக எழுதுகிறவர்கள் கேட்கலாம். 1977இல் தொடங்கி, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் அந்தக் காட்சிதான் தமிழ்ப் பதிப்பகங்களின் தீபாவளி. அநேகமாக எல்லாப் பதிப்பகமும் புதுப் புத்தகங்களை அதற்காகவே தயார் செய்கின்றன. அதனால் டிசம்பரில் அச்சகங்களில் மூச்சு விட நேரம் இருக்காது, அச்சுக்கு முன் பிழை திருத்தும் மெய்ப்பு பார்ப்பவர் ஒரே நேரத்தில் ஐந்து புத்தகம் கையில் வைத்திருப்பார், அட்டை வரைபவர் போனை எடுக்க மாட்டார். இந்த நெரிசலுக்கு முன்னாலேயே உங்கள் வேலையை முடித்துக்கொள்வதுதான் இங்கே நான் சொல்லப்போவதன் சாரம். காட்சியை நம்பாமல் ஜூலையில் கொண்டுவருகிறேன் என்றாலும் நல்லதுதான், கோவை, ஈரோடு புத்தகக் காட்சிகள் அதை ஒட்டித்தான் வருகின்றன. கணக்கை அதற்கேற்பப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் மாதம் முழுக்க நண்பர்களுக்கு. மூன்று பேர் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். அதில் ஒருவராவது எழுத்தாளராக இல்லாத, வெறுமனே நாவல் படிக்கிற ஆளாக இருக்கட்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள்?" என்று கேளுங்கள். பக்க எண்ணோடு சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ தொய்வு இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மாதத்திலேயே பதிப்பாளரோடு ஒப்பந்தம் பேசி முடித்துவிடுங்கள். நம் ஆட்கள் வாய்ப் பேச்சிலேயே நாவலைக் கொடுத்துவிடுகிறார்கள், நட்பு கெட்டுவிடுமோ என்ற தயக்கம். ஒரு பக்கத் தாள் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் என்ன பார்க்க வேண்டும்? எத்தனை வருடத்துக்கு உரிமை கொடுக்கிறீர்கள் என்பது முதலில். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும், எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். இது பலருக்குத் தெரியாது. அப்புறம் மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா. அச்சு உரிமை மட்டும் கொடுக்கிறேன், மற்றவை என்னிடமே இருக்கட்டும் என்று தெளிவாக எழுதிக்கொள்ளலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விற்கிற பிரதிக்கு எழுத்தாளருக்குத் தரும் ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 சதவீதம் என்றுதான் பேசுவார்கள். சதவீதத்தைவிட முக்கியம், கணக்கு எந்த மாதம் தருவார்கள் என்பது. அதையும் தாளில் ஏற்றுங்கள். காப்புரிமையைப் பதிவு செய்தால்தான் செல்லும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பதிவு கட்டாயமில்லை, எழுதிய உடனேயே அது உங்களுடையதுதான்.

நாவலுக்குள் சினிமாப் பாட்டு வரி இருந்தால் இப்போதே பாருங்கள். பாத்திரம் பாட்டை முணுமுணுக்கிறது என்று எழுதுவதற்கும் நான்கு வரியை அப்படியே எடுத்துப் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. எழுதியவர் காலமாகி 60 வருடம் வரை உரிமை தொடர்கிறது, அனுமதி இல்லாமல் போடக் கூடாது. பாரதியார் வரி என்றால் கவலையே வேண்டாம், 1921இல் மறைந்தவர், படைப்புகளும் நாட்டுடைமை ஆகிவிட்டன.

இனி அக்டோபர், நவம்பர். இந்த இரண்டு மாதம்தான் உயிர். இதில் நான் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மொழியைத் திருத்திச் செம்மை பார்ப்பவரிடம் கொடுக்கும் முன் ஒரு சொல் பட்டியல் தயார் செய்யுங்கள். உங்கள் நாவலில் ஆத்தாவா ஆத்தாளா, கோயிலா கோவிலா, டீக்கடையா தேநீர்க் கடையா, ஆங்கிலச் சொற்களை எப்படி எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் ஒரு தாளில். வட்டார வழக்கு இருந்தால் இது இன்னும் அவசியம். என் முதல் நாவலில் கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சை எழுதியிருந்தேன். "அவுக வந்தாக" என்று இருந்ததெல்லாம் பாதி நாவலில் "அவர்கள் வந்தார்கள்" என்று மாறி வந்தது. திருத்தியவரைக் குறை சொல்ல முடியாது, நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை. உரையாடலைத் தொடாதீர்கள், கதை சொல்லும் பகுதியில் மட்டும் ஒற்றுப் பிழை பாருங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

அதைவிடப் பெரிய விபத்து ஒன்று. கடைசி நேரத்தில் ஒரு பாத்திரத்தின் பெயரை மணி என்பதிலிருந்து ரவி என்று மாற்றினேன். கணினியில் மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் "பத்து ரவிக்கு பஸ் வந்தது", "ரவிக்கூண்டு அருகே நின்றாள்", "நெல்ரவிகள் சிதறிக் கிடந்தன". எல்லாவற்றையும் சரி செய்துவிட்டதாக நினைத்தேன். ஒன்று மட்டும் தப்பிவிட்டது, அது அச்சேறியும் விட்டது. தாய் இறந்துபோகிற பக்கம் அது, படிக்கிறவர் கண் கலங்கவேண்டிய வரியில் "கோயில் ரவி ஒலித்தது" என்று இருந்தது. அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் திறக்க முடியாது. ஆகவே, பெயர் மாற்றுவதாக இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், அலுப்பாக இருந்தாலும் சரி.

தமிழுக்கே உரிய சில பிழைகள் உண்டு, அவை திரையில் கண்ணுக்குத் தெரியாது. கௌரி என்பதை கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாகத் தட்டியிருப்போம், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், தேடினால் கிடைக்காது, மின்னூலில் உடைந்துபோகும். ரகரம் வரவேண்டிய இடத்தில் கால் போட்டிருப்போம். யுனிகோடில் எழுதியதை பக்கங்களை வடிவமைக்கும் லே அவுட்காரர் அச்சுக்கான வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, ஔ, எண்கள், மேற்கோள் குறிகள் எல்லாம் எங்காவது பெட்டி பெட்டியாக மாறலாம். அதனால் நீங்கள் அனுப்பிய கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை. லே அவுட் முடிந்து வரும் பி.டி.எஃப்.தான் உங்கள் புத்தகம், அதைத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? தாளில் எடுத்துத்தான். 250 பக்கம் நகல் எடுக்கச் செலவாகும், பரவாயில்லை, எடுங்கள். முதல் சுற்று நீங்கள். இரண்டாம் சுற்று உங்கள் நாவலை இதுவரை படிக்காத ஒருவர், பழக்கமான கண் பிழையைத் தானே திருத்திப் படித்துவிடும் என்பதால் புதுக்கண் வேண்டும். மூன்றாவது சுற்றுக்கு ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் பென்சிலோடு பார்க்கட்டும். வீட்டில் யாராவது உட்கார்ந்தால் போதும். என் இரண்டாம் நாவலுக்கு என் அக்கா பதினோரு சாயங்காலம் வாசித்தாள். வாய் தடுக்கிய இடமெல்லாம் வாக்கியமும் தடுக்கியிருந்தது. பிழையைவிட அப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான் அதிகம் திருத்தினேன். திருத்தங்களை அனுப்பியபின் புதுப் பி.டி.எஃப். வரும், அதில் திருத்தச் சொன்ன இடம் மட்டுமல்ல, அந்தப் பத்தி முழுவதையும் பாருங்கள், ஒன்றைத் திருத்தும்போது பக்கத்துச் சொல் காணாமல் போவது சாதாரணமாக நடக்கும்.

பக்கக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. டெம்மி என்ற புத்தக அளவில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகி மடியும் பகுதி, 16 பக்கம். 240, 256, 272 என்று போகும். உங்கள் நாவல் 258 பக்கத்தில் முடிந்தால் கடைசியில் வெற்றுத்தாள் மிஞ்சும், அல்லது லே அவுட்காரர் வரிகளுக்கு நடுவே இடைவெளியைச் சுருக்கி 256க்குள் அடைப்பார், வாசிக்கிறவர் கண் வலிக்கும். என்னுரையில் நான்கு பத்தி குறைத்தால் தீரும் விஷயம் அது. குறைந்த பிரதிகள் டிஜிட்டலில் போடும்போது இது அவ்வளவு கறாராக இல்லை என்றாலும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை ஓவியருக்கு முழு நாவலையும் அனுப்பிப் படிக்கச் சொல்வது நம் ஆசை, அவருக்கு நேரம் இருக்காது. இரண்டு பக்கச் சுருக்கமும், நாவலின் நிலம் எப்படி இருக்கும் என்று காட்ட நான்கைந்து புகைப்படமும் கொடுங்கள். வந்த அட்டையைப் போனில் தபால்தலை அளவுக்குச் சின்னதாக்கிப் பாருங்கள், ஏனென்றால் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் எல்லோரும் பார்க்கப்போவது அப்படித்தான். தலைப்பு படிக்க முடிகிறதா? முதுகுப் பகுதியின் தடிமன் கடைசிப் பக்க எண்ணிக்கையும் தாளும் முடிவான பிறகுதான் தெரியும், அதனால் முழு அட்டையையும் அதற்கு முன்னால் இறுதி செய்யாதீர்கள். உள்பக்கத் தாளுக்கு 70 ஜி.எஸ்.எம். (தாளின் எடைக் கணக்கு) மேப்லித்தோ என்ற வகையைக் கேளுங்கள், அதைவிட மெல்லியது என்றால் மறுபக்க எழுத்து தெரியும்.

பின்னட்டைக்கு எழுதுவது எல்லோரும் கடைசி இரவுக்கு விடும் வேலை. விடாதீர்கள். அரங்கில் புத்தகத்தைக் கையில் எடுப்பவர் முதலில் அட்டையைப் பார்க்கிறார், உடனே திருப்பிப் பின்னட்டையைப் படிக்கிறார், பிறகு விலை. உங்களுக்குக் கிடைப்பது அந்த அரை நிமிடம்தான். "மனித மனங்களின் ஆழங்களைப் பேசும் நாவல்" என்று எழுதினால் அது எந்த நாவலுக்கும் பொருந்தும். யார், எங்கே, என்ன சிக்கல், இவ்வளவையும் ஆறு வரியில் சொல்லுங்கள். முடிவைச் சொல்ல வேண்டாம்.

ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேசப் புத்தக எண்ணைப் பதிப்பகம் வாங்கிவிடும். சொந்தமாகப் போடுகிறீர்கள் என்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. நாள் பிடிக்கும் என்பதால் அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் எழும்பூர் கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிப்பாளரின் கடமை, சொந்தப் பதிப்பு என்றால் உங்கள் கடமை. நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் தேடும்போது உங்கள் நாவல் அங்கே இருக்க வேண்டும் இல்லையா?

டிசம்பர் முதல் வாரம் அச்சுக்கு. எத்தனை பிரதி? புது எழுத்தாளர் என்றால் 200, 300 போட்டுத் தொடங்குங்கள், தேவைக்கேற்ப அச்சிடும் பி.ஓ.டி. முறை வந்த பிறகு ஆயிரம் பிரதியைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைக்கத் தேவையில்லை. மொத்தமும் அச்சாவதற்கு முன் ஒரே ஒரு பிரதி கையில் வாங்கிப் பாருங்கள். விரித்து வைத்தால் உள் ஓரத்து எழுத்து முதுகுக்குள் போகிறதா, அட்டை மடிப்பு சரியாக விழுகிறதா, பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள்.

சரி, வெளியீட்டு விழா. சென்னையில் என்றால் மயிலாப்பூர் கவிக்கோ மன்றம், கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ் என்று இலக்கியக் கூட்டம் நடக்கும் இடங்கள் உண்டு. டிசம்பர் ஞாயிறு மாலைகளில் ஒரே நாளில் மூன்று நான்கு வெளியீடு நடக்கும், நம் ஆட்களும் அதே ஆட்கள்தான், அதனால் தேதி குறிக்கும் முன் நாலு பேரிடம் விசாரியுங்கள். ஸ்ருதி டிவி மாதிரி கூட்டங்களைப் பதிவு செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அரங்குக்கு வந்தவர்களைவிடப் பிறகு காணொளியில் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

பேச்சாளர் மூன்று பேர் போதும். ஏழு பேரைப் போட்டால் ஏழாவது ஆள் பேசும்போது நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும், அவருக்கும் அது அவமரியாதை. பேசுகிறவர்களுக்கு மூன்று வாரம் முன்னால் நாவல் போய்ச் சேர வேண்டும், அதுவும் தாளில். ஒரு வாரம் கழித்து "அண்ணே, பிரதி கிடைச்சுதா?" என்று ஒரு போன், அவ்வளவுதான், துரத்தக் கூடாது. முழுக் கதையையும் மேடையில் சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் குறைத்து அந்தப் பணத்தில் பேச்சாளரின் பயணச் செலவைக் கொடுங்கள்.

முதல் பிரதியை யாரிடம் கொடுப்பது என்பது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பிரபலம் ஒருவரைப் பிடிப்பதற்கு அலைவதைவிட, நாவல் யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவரை அழையுங்கள். என் இரண்டாம் நாவல் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களைப் பற்றியது, அதனால் சென்னையில் வைக்காமல் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்தோம். இருபது வருடம் கட்டையில் குச்சி அடுக்கிய ஒரு சித்தி முதல் பிரதியை வாங்கினார். வாங்கியதும் போய் உட்காரவில்லை, மேடையிலேயே நின்று நடுவில் எங்கோ பிரித்து விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "கட்டைக்கு இவ்வளவு கூலின்னு போட்டிருக்கியே, நாங்க சேர்ந்தப்ப அது கூட இல்லப்பா" என்றார், மைக்கில். கூட்டம் அப்படியே அமைதியானது. அன்றைக்கு அந்த வகுப்பறையில் விற்ற பிரதிகள் சென்னையில் முதல் நாவலுக்கு விற்றதைவிட அதிகம். உங்கள் நாவலின் ஊரில் ஒரு கூட்டம் வையுங்கள், மாவட்ட மைய நூலகத்தில் கேட்டால் வாசகர் வட்டம் இருக்கும், இடமும் கிடைக்கும்.

காட்சி நாட்களில் தினமும் போய் அரங்கு வாசலில் நிற்க வேண்டியதில்லை. சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் எந்த அரங்கில் இருப்பீர்கள் என்று அரங்கு எண்ணோடு முந்தின நாளே எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா கொண்டுபோங்கள், ஜெல் பேனா மை காயும் முன் புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் படியும். கையெழுத்துக் கேட்பவரிடம் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதுங்கள், காயத்ரி, காயத்திரி என்று ஆளுக்கு ஆள் மாறும். வாங்காமல் புரட்டிவிட்டு வைத்துப்போகிறவரைத் தொடர்ந்து போய்ப் பேசாதீர்கள், அடுத்த வாரம் அவரே வந்து எடுப்பார்.

வெளியூர் வாசகர்களுக்கு முன்பதிவு வைக்கலாம். யு.பி.ஐ.யில் பணம் வந்ததும் பெயர், முழு முகவரி, பின்கோடு, போன் எண் நான்கையும் ஒரே செய்தியில் வாங்கி ஒரு நோட்டில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் நாற்பதாவது ஆளில் குழம்பிவிடும். புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலே கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள், மூலை மடங்காது. தபால் துறை 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. உங்கள் நாவலை அதில் ஏற்றுக்கொள்வார்களா, என்ன கட்டணம் என்று அஞ்சலகத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

விமர்சனத்துக்கு இருபது பிரதியை எடுத்து வையுங்கள், ஆனால் எல்லோருக்கும் அள்ளி வீச வேண்டாம். யார் இந்த மாதிரி நாவல்களைப் பற்றி எழுதுகிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு மட்டும், ஒரு நாலு வரிக் கடிதத்தோடு. அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள். மின்னூலை அமேசான் கிண்டிலில் போடுவது என்றால் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள், சந்தா கட்டியவர்கள் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு வேறெங்கும் மின்னூலாக விற்க முடியாது.

இன்னொரு வேலை, இதை முதல் நாளே செய்துவிடுங்கள். வந்த பிரதிகளில் ஒன்றின் முதல் பக்கத்தில் 'திருத்தப் பிரதி' என்று பெரிதாக எழுதி மேசையில் தனியாக வையுங்கள். வாசகர் யாராவது பிழை சொன்னால் விவாதிக்காமல் நன்றி சொல்லி, அந்தப் பிரதியில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டே வாருங்கள். மார்ச் மாதம், மாவட்டக் காட்சிகளுக்கு அடுத்த நடை அச்சிடும் முன், பக்க எண், வரி எண், தவறு, சரி என்று நான்கு நெடுவரிசையாக ஒரு தாளில் எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்புங்கள். என்னுடைய பட்டியலில் முதல் வரியாக அந்தக் கோயில் மணி இருந்தது. இரண்டாம் பதிப்பில் அது மணியாகவே ஒலிக்கிறது.